இலையையும் விட்டவள்

அபர்ணா முதல் நாள் கூடை கட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியபோது ஐந்தாம் நம்பர் காட்டில் பதினொரு செடி மொட்டையானது. எல்லோரையும் போல இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளத்தான் அவளும் கையை வைத்தாள், வைத்ததும் அந்தச் செடியில் இருந்த கொழுந்து, முற்றல், பழுப்பு எல்லாம் பொலபொலவென்று கீழே கொட்டின, பயந்துபோய் அடுத்த செடிக்குப் போனாள், அதுவும் கொட்டியது, அதற்கடுத்ததும் கொட்டியது, பதினொன்றாவது செடியில் சூப்பர்வைசர் வர்கீஸ் ஓடிவந்து, கிள்ளச் சொன்னால் உதிர்க்கிறாயே, உன் அம்மா இதைத்தான் சொல்லிக்கொடுத்தாளா என்று கத்தினார். மற்றபடி யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மழை இறங்குவதற்குள் அவரவர் நிரையை முடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து நிரையில் நின்ற நான் மட்டும், மகளுக்குத் துணையாக வந்து ஓரமாக நின்ற அவள் அம்மா பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பதினெட்டு வருஷக் கதை இருக்கிறது. அதை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது, ஏனென்றால் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர், அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். பேச்சியம்மாளுக்கு நாற்பது வயதில் அந்தப் பிள்ளை பிறந்தது, பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் மேல்தாணி எஸ்டேட்டில் பிறக்கிற பிள்ளைக்குப் பேர் வைப்பது யார் என்று கேட்டால் பெற்றவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆபீசில் சேஷய்யர் என்று ஒரு ஹெட்கிளார்க் இருந்தார், சமஸ்கிருதம் படித்தவர், பிள்ளை பிறந்ததும் அவரிடம் தூக்கிக்கொண்டு போவோம், அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பிள்ளையை ஒரு பார்வை பார்த்து ஒரு பேர் சொல்வார், அதையே பதிவில் எழுதிக்கொள்வார். அதனால்தான் எங்கள் லைன் வீடுகளில் கூடை தூக்குகிற வசுந்தராவும் சாணி அள்ளுகிற விக்கிரமனும் இருந்தார்கள். பேருக்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நாக்கில் வழுக்கிக்கொண்டு போனால் போதும் எங்களுக்கு.

பேச்சி மட்டும் கேட்டாள். பிள்ளையை மேசைமேல் கிடத்திவிட்டு, அய்யா, இந்தக் கொழுந்துக்கூடை என் மகள் தலையில் ஏறக் கூடாது, அப்படி ஒரு பேர் உங்கள் பாஷையில் இருக்கிறதா என்று கேட்டாள். துணைக்குப் போயிருந்த எனக்குச் சங்கடமாக இருந்தது. சேஷய்யர் கோபிக்கவில்லை, பார்வதி தவம் செய்த கதையைச் சொன்னார். சிவனைக் கட்டுவதற்காக மலைமேல் உட்கார்ந்த பார்வதி முதலில் சோற்றை விட்டாள், பிறகு கனியை விட்டாள், பிறகு தானாக உதிர்கிற இலையை மட்டும் தின்றாள், கடைசியில் அந்த இலையும் வேண்டாமென்று விட்டாள், அப்படி இலையையும் விட்டவளுக்கு அபர்ணா என்று பேர் வந்தது, பர்ணம் என்றால் இலை, அது இல்லாதவள், ரிஷிகள் வைத்தார்கள், பிறகு கவிகள் பாடினார்கள், ஆயிரம் ரெண்டாயிரம் வருஷமாக அந்தப் பேர் நடந்து வந்துகொண்டிருக்கிறது என்றார்.

"இலையே வேண்டாம்னு சொன்னவளா அய்யா?"

"ஆமாம்மா. இலையே வேண்டாம்னுட்டா."

"அப்ப அதையே எழுதுங்க."

அன்றிலிருந்து பேச்சி அந்தப் பேரை ஒருநாளும் சுருக்கியதில்லை. நாங்கள் அவர்ணா என்றோம், அப்பு என்றோம், அவள் மட்டும் காலையில் எழுப்பும்போதுகூட முழுப்பேரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். பெண்ணைத் தேயிலைப் பக்கமே விடவில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடம், பிறகு டவுன் பள்ளிக்கூடம் என்று ஓட்டி ஓட்டிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள், கீழே சமவெளியில் டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடமும் கிடைத்தது. அதே மாதத்தில் பேச்சிக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது.

வெளியாட்களுக்கு இது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் எஸ்டேட்டில் வேலைக்கு ஆள் இருந்தால்தான் வீடு. வயதாகி ஒருத்தர் நின்றால் அந்த வீட்டிலிருந்து இன்னொருத்தர் பேர் பதிய வேண்டும், மூன்று மாதத்துக்குள் யாரும் பதியவில்லை என்றால் சட்டிபானையை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். பேச்சிக்கு அந்த வீட்டை விட்டால் இந்த உலகத்தில் ஒரு மூலை கிடையாது, சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள நான்தான் இருந்தேன், நானும் சொந்தமில்லை. கீழே எங்காவது ஒண்டிக்கொள்ளலாம், நீ படிக்கப் போ என்று அவள் சொன்னாள். மகள் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கீழே ஒரு இடம் பார்க்கும்வரை பேர் பதிந்துவைக்கிறேன், இரண்டு மாதம்தானே, ட்ரெயினிங் பள்ளிக்கூடம் ஆடியில்தானே திறக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாமல் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அன்று பேச்சி அழுத அழுகை சுவர் தாண்டிக் கேட்டது.

அதனால்தான் அந்தப் பதினொரு செடி மொட்டையானபோது அவள் சிரித்தாள். சாயங்காலம் என்னிடம் வந்து, மைனி, பேரு வேலை செய்யுது, இனிமே இவங்களே இவளை வேண்டாம்னு சொல்லிருவாங்க என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

ஒரு வாரத்துக்குள் லைன் முழுக்க அதற்குத் தோதாகப் பழகிக்கொண்டது. அபர்ணா வருகிற வழியில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தவர்கள் அதைக் கொல்லைக்கு மாற்றிக்கொண்டார்கள். வெற்றிலைக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஈரத்துணியை இழுத்துக் கட்டின் மேல் போர்த்துவார். கல்யாணப் பந்தியில் அவளுக்கு மட்டும் எவர்சில்வர் தட்டு வைத்தோம், ஏனென்றால் சோறு விழுவதற்கு முன்னாலேயே வாழையிலை கருகிச் சுருண்டது. மாரியம்மன் கொடைக்கு வேப்பிலைத் தோரணம் கட்டியபோது பத்தடி தள்ளி நின்று கும்பிடும்மா என்று மரியாதையாகத்தான் சொன்னோம், அவளும் கோபப்படாமல் தள்ளி நின்று கும்பிட்டாள். அவள் சேலையில் அச்சடித்திருந்த மாவிலைகூட மூன்றாம் நாள் காணாமல் போய் வெறும் மஞ்சள் சேலையாக நின்றது, நான்கூட, காசு மிச்சம், இனி எந்தச் சேலை எடுத்தாலும் ஒற்றைக் கலர்தான் என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். அவளுக்கு அப்போது பயமே இல்லை. ஆடி வந்தால் போய்விடப் போகிறோம் என்ற தெம்பு.

மொட்டையான பதினொரு செடியையும் எஸ்டேட் மேனேஜர் பெரிய துரை வந்து பார்த்தார். நல்ல மனுஷர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகத் தடவிப் பார்த்தார். இலை மட்டும் உதிரவில்லை, சில்லுக் கொம்பெல்லாம் முறிந்து, முழங்கால் உயரத்துக்குக் கணக்காகச் செடி நின்றது, கத்தி பட்ட காயமில்லாமல் கணுவுக்குக் கணு புதுத்துளிர் முட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மலையில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை செடியைக் கவாத்து வெட்டுவார்கள், அது ஆம்பிளைகள் வேலை, வளைந்த கத்தியை ஓங்கி ஓங்கி மழையில் வெட்ட வேண்டும், தோள் கழன்றுபோகும், வழுக்கினால் கத்தி எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. என் புருஷன் இசக்கிக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. துரை எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இந்தப் பெண்ணைக் கிள்ள விடாதீர்கள், கவாத்துக்குப் போடுங்கள் என்று வர்கீஸிடம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் ஏழாம் நம்பர் காட்டில் அபர்ணா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிரையோடு நடந்தாள், அவள் நடந்த இரண்டு பக்கமும் இலை உதிர்ந்துகொண்டே வந்தது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு, நாற்பது ஆள் இரண்டு வாரம் வெட்டுகிற காட்டை மத்தியானச் சோற்றுக்குள் முடித்தாள், கத்திக்காரர்கள் நாற்பது பேரும் பாறைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு பார்த்தார்கள், பிறகு இறங்கிப்போய்ச் சருகை வாரினார்கள். யாருடைய சம்பளத்தையும் துரை குறைக்கவில்லை. அன்றைக்கு இசக்கி தோளுக்குத் தைலம் தடவச் சொல்லாமல் படுத்தான். கல்யாணமாகி அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

பேச்சி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இலை உதிர்வதையும் ஒரு வேலையாக்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் எஸ்டேட்காரர்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஆடி வந்தது. பன்னிரண்டாம் நம்பர் காடு பாக்கி இருந்தது. இதை முடித்துவிட்டுப் போயேன் என்று துரை கேட்கவில்லை, நாங்கள்தான் கேட்டோம், கத்திக்காரர்களின் பெண்டாட்டிமார் எல்லோரும் கூடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். நீ போனால் இவர்கள் மறுபடி கத்தி எடுக்க வேண்டும், பழக்கம் விட்டுப்போன கை, வழுக்கிவிடும் என்றோம். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினாள். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. அடுத்த வருஷத்துக்குள் பக்கத்து எஸ்டேட்டுக்கும் அவளை ஜீப்பில் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். அவளுக்குத் தூக்கத்தில்கூடக் கை விரிந்தே இருக்கிறது, மடக்கினால் வலிக்கிறது என்கிறாள் என்று பேச்சி என்னிடம் சொன்னாள். நான் சுக்குப் பற்று போடச் சொன்னேன்.

இரண்டாவது ஆடி நெருங்கியபோது பேச்சி வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். வீடு வேண்டாம், என் மகள் பேரை அடித்துவிடுங்கள் என்று மேசைமேல் வைத்தாள். பெரிய துரை எழுந்து நின்று சாவியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, அம்மா, ஆயுசு முழுக்க நீங்கள் அந்த வீட்டில் இருங்கள், யார் பேரும் பதிய வேண்டாம், உங்களை யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்றார். அடுத்த வாரமே புதுத்தகரம் வேய்ந்தார்கள், வாசலுக்கே குழாய் வந்தது. எங்கள் லைனில் வேறு யாருக்கும் வாசலில் குழாய் கிடையாது. அந்தக் குழாயில் பேச்சி ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை, ஓடைக்கே போய்வந்தாள். இவ்வளவு செய்கிறார்களே அம்மா, எப்படி விட்டுவிட்டுப் போவது என்று மகள் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

சேஷய்யர் ஓய்வுபெற்றுப் பொள்ளாச்சியில் மகன் வீட்டில் இருந்தார். பேச்சி பஸ் ஏறிப்போய் அவரைப் பார்த்தாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அய்யா, நீங்கள் வைத்த பேர் இப்படிப் பண்ணுகிறதே என்று அழுதிருக்கிறாள். அந்தக் கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றாராம் அவர். பார்வதி தவத்துக்குக் கிளம்பினபோது அவளைப் பெற்ற மேனை கையைப் பிடித்துக்கொண்டு, உ மா, அடியே வேண்டாம் என்று கதறினாள், அந்தக் கதறலே மகளுக்கு உமா என்று இன்னொரு பேராக நின்றுவிட்டது, இலையை விட்டதில் வந்தது ஒரு பேர், பெற்றவள் வேண்டாமென்றதில் வந்தது ஒரு பேர்.

"வேண்டாம்னதும் அவ நின்னாளா அய்யா?"

"நிக்கல. போயிட்டா."

பேச்சி அதை மனதில் போட்டு இரண்டு நாள் புரட்டினாள். மூன்றாம் நாள் காலை, அபர்ணா ஜீப்பில் போனபிறகு, ஒரு துணிமூட்டையோடு என் வாசலில் வந்து நின்றாள். இப்படி நிதானமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"மைனி, இவளை வீடு புடிச்சு வைக்கலை, நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். வேண்டாம்னு வாயால சொல்லி ஆகாது. நான் கீழ போறேன், சேஷய்யர் வீட்டுப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல சமைக்க ஆள் கேட்டாங்க. திரும்பி வரமாட்டேன். அவகிட்ட நேர்ல சொன்னா அழுவா, நான் நின்னுருவேன். நீ சொல்லு. அம்மா வேணும்னா கீழ வா, அம்மா இனிமே இந்த மலை ஏறமாட்டான்னு சொல்லு. அது போதும், ஓடி வந்துருவா."

சரி என்றேன். அவளைப் பஸ்சில் ஏற்றிவிட்டதும் நான்தான். கண்டக்டர் ரசாக் பாயிடம், பொள்ளாச்சியில் பார்த்து இறக்கிவிடுங்கள் என்று சொன்னதும் நான்தான். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி மறைகிறவரை அங்கேயே நின்றேன், மனதுக்குள் அந்தச் சேதியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், ஒரு வார்த்தை விடக் கூடாது என்று.

சாயங்காலம் இசக்கி எனக்கு முன்னால் வந்துவிட்டான். அடுப்படியில் உட்கார்ந்து எட்டு விரலால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். தோள்வலி போனபிறகு வீட்டுவேலை செய்யப் பழகியிருந்தான். பேரன் பிறந்தால் இந்தக் கையால் தூக்குவேன், பயமில்லை இப்போது என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஜீப் சத்தம் கேட்டது. அபர்ணா பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்குள் தலையை நீட்டினாள்.

"அத்தை, அம்மா எங்க?"

"ஊருல தூரத்துச் சொந்தத்துல ஒரு கல்யாணம்னு திடீர்னு ஆள் வந்துச்சு. போயிருக்கா. அடுத்த வாரம் வந்துருவா. அதுவரைக்கும் வீட்டைப் பாத்துக்கச் சொன்னா."

சொந்தம் என்று யாருமில்லாத பேச்சிக்கு ஒரு கல்யாண வீட்டை நான் எப்படி அவ்வளவு சுருக்காகக் கட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக அப்படித்தான் இருந்தேன். நாளைக்கு இருபதாம் நம்பர் காடு இருந்தது, செங்குத்து, போன கவாத்தில் அங்கேதான் இசக்கி வழுக்கினான்.

நான் சொன்ன பொய் இரண்டு நாளில் லைன் முழுக்கப் பரவியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் பேச்சி பஸ் ஏறியது தெரியும், மூட்டையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அபர்ணா யாரிடம் கேட்டாலும் கல்யாணம் என்றார்கள், வந்துவிடுவாள் என்றார்கள், ஒருத்தி மாப்பிள்ளையின் பேரைக்கூடச் சொன்னாள். தினம் ஒரு வீட்டிலிருந்து அவளுக்குச் சோறு போயிற்று, எவர்சில்வர் தட்டில், சூடாக, கறிவேப்பிலை போடாமல். இவ்வளவு அன்பாக நாங்கள் யாரையும் பார்த்துக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ரசாக் பாய் பஸ்சை நிறுத்தி என்னைக் கூப்பிடுவார். பேச்சியம்மா பொள்ளாச்சி ஸ்டாண்டில் வந்து நிற்கிறது, ஒவ்வொரு ஆளாக இறங்குவதைப் பார்க்கிறது, மகளிடம் சொன்னீர்களா என்று கேட்கச் சொன்னது என்பார். சொல்லியாச்சு, இந்தக் காடு முடிந்ததும் வருகிறாள், அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்று சொல்லுங்கள் பாய் என்பேன். அவர் தலையாட்டிவிட்டு விசில் ஊதுவார். பேச்சி நம்புவாள். மேலே ஏறினால் மகளைக் கட்டிப்போட்டுவிடுவோம் என்று பயந்து ஏறாமலே இருப்பாள், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

ஆடி போய்விட்டது. ஆவணியும் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடைசிக் கடிதம் ஆபீசிலிருந்து என் கைக்குத்தான் வந்தது, அரிசிப்பானைக்குள் கிடக்கிறது. அபர்ணா இப்போது தொட வேண்டியதில்லை, பார்த்தாலே உதிர்கிறது, எங்கள் லைனைச் சுற்றி ஒரு பச்சை கிடையாது, மலை முழுக்க முழங்கால் உயரத்தில் குச்சிகுச்சியாக நிற்கிறது. அவள் வாசல்படியில் கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வரும்போது வீட்டில் நான் இல்லையென்றால் தவித்துப்போவாள் என்று டவுனுக்குக்கூடப் போவதில்லை.

சேஷய்யர் சொன்ன கதையில் அந்த அம்மா கதறியது மகளின் காதில் விழுந்தது. கேட்டாள், கேட்டும் போனாள். இங்கே அந்தச் சொல் என்னோடு நின்றுவிட்டது, என் தொண்டையில்தான் இருக்கிறது, சோறு இறங்கும்போதெல்லாம் அது இருப்பது தெரிகிறது. பொறுக்கமுடியாமல் நேற்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லத்தான் போனேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்து, "அத்தை, நீ மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பஸ் வந்தது. அடுத்த வாரம் என்று ரசாக் பாயிடம் சொன்னேன், மேடேறி வந்து அவளிடமும் அடுத்த வாரம் என்றேன்.